தங்கச்சிக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க உதவிய எல்லாருக்கும்

தங்கச்சிக்கு வந்திருப்பது லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்குகிற நோய். அது கிட்னியையும் பிடித்துவிட்டது என்று பயோப்சி (கிட்னியில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்ப்பது) ரிப்போர்ட் வந்து மருந்தும் தொடங்கியாச்சு. விசாரித்த எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, அதனால்தான் இந்தப் பொது மடல்.

முதல் நன்றி தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவுக்கு. விரல் முட்டிகளில் வலி என்றால் பனிக்குளிர் என்போம், கன்னம் சிவந்தால் வெயில், முகம் வீங்கினால் ரத்தம் போதாது, கீரை சாப்பிடு. டவுனில் காசு கொடுத்துக் காட்டிய இடத்திலும் இரும்புச்சத்து மாத்திரைதான் கிடைத்தது. இவர்தான், "காலையில ஒண்ணுக்குப் போனா நுரைக்குதா புள்ள?" என்று கேட்டார். அவள் வெட்கப்பட்டுத் தலையாட்ட, சின்னப் போத்தல் ஒன்றைக் கொடுத்து அனுப்பி, வந்ததும் குச்சியை நனைத்துப் பார்த்தார். மஞ்சளாக இருக்க வேண்டிய புரதக் கட்டம் பச்சையாகிவிட்டது, ரத்தமும் காட்டியது. 21 வயசுப் பிள்ளைக்குப் பிரஷர் 150/100. துண்டு எழுதிக் கொடுத்து இன்றைக்கே கண்டிக்குக் கூட்டிப் போ என்றார். மழையில் அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் ஆட்டோவை ஏற்றி வந்த அண்ணனுக்கும் நன்றி, வாடகையை இன்னும் வாங்க மாட்டேன் என்கிறார்.

கண்டி பெரியாஸ்பத்திரியில் டொக்டர் அம்மா முட்டிவலி, கன்னத்துச் சிவப்பு, வாய்ப்புண், முடி கொட்டுவது என்று நாங்கள் வெவ்வேறாக நினைத்ததை எல்லாம் ஒன்றாக வைத்துக் கேட்டார். லூபஸுக்குப் பார்க்கும் ரத்த டெஸ்டுகளான ஏஎன்ஏ, டிஎஸ்டிஎன்ஏ இரண்டும் பொசிட்டிவ், ரத்தத்தில் உள்ள சி3, சி4 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்கள் இரண்டும் குறைவு. எண் கூடினால்தான் நமக்குப் பயம், இதில் குறைவதுதான் கெட்ட செய்தியாம்: உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்போடேயே சண்டை பிடிக்கும்போது அந்தப் புரதங்கள் செலவாகிப்போகின்றன. வெளியில் செய்த டெஸ்டுகளுக்குக் காசு வந்தது எப்படி என்றால், சீட்டில் அந்த மாதம் தன் முறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்த மேல் லயத்து அக்கா தந்தது. அவருக்கும் வீட்டில் செலவு இருந்தது, தெரியும்.

பயோப்சி என்றதும் அம்மா அழுதுவிட்டார். லூபஸ் கிட்னியைத் தாக்குவதில் 6 வகுப்பு இருக்கிறது, எது என்று ரத்தத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, எந்த வகுப்பு என்று பார்த்துத்தான் மருந்து என்று ஒரு சிங்கள மிஸ்ஸி (நர்ஸ்), தனக்குத் தெரிந்த தமிழில், பொறுமையாகச் சொன்னார். சொன்னதோடு விடாமல் முதல் நாளே தங்கச்சியைக் குப்புறப் படுக்கவைத்து "மூச்சு இழு, பிடி, விடு" என்று பழக்கினார், ஊசி போகும்போது அசையக் கூடாதே. ஸ்டேப்ளர் மாதிரி டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான் என்கிறாள் இவள். அப்புறம் மணிக்கணக்கில் மல்லாந்தே கிடக்க வேண்டும். பக்கத்துக் கட்டில் மாத்தளை அக்காதான் பிளேன்டீயை ஸ்ட்ரோவில் குடிக்கவைத்தார்.

வந்தது நாலாம் வகுப்பு. மூன்று நாள் சேலைனில் ஸ்டீராய்டு ஏற்றி, இப்போது பிரெட்னிசலோன், மைக்கோபினலேட், ஹைட்ரொக்சிக்ளோரோகுயின் என்று மூன்று மாத்திரைகள். கிளினிக்கில் தீர்ந்த நேரம் கொழும்பில் தேடி வாங்கி பஸ்ஸில் போட்டுவிட்ட நண்பா, உன்னையும் மறக்கவில்லை. முகம் உப்பியிருப்பது மருந்தால், ஊதிவிட்டாய் என்று அவளிடம் சொல்லாதீர்கள். ஒட்டுகிற நோயும் இல்லை, தாராளமாக வீட்டுக்கு வரலாம். கஷாயம் கொண்டுவந்தவர்களின் அன்பு புரிகிறது, ஆனால் கிட்னி டொக்டர் கண்டிப்பாக வேண்டாம் என்றுவிட்டார், கோபிக்க வேண்டாம்.

அம்மா சொல்லச் சொன்னது: சோறு கொடுத்தனுப்பிய டிபன் கேரியர்கள் எங்கள் அடுப்படியில் அடுக்கிக் கிடக்கின்றன, எது யாருடையது என்று தெரியவில்லை, வந்து பார்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.