கல்லில் இருப்பது காதல் கதை அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் டெக்சஸ் பயணக் கட்டுரையில் வாக்ஸஹாச்சி ஊரின் எல்லிஸ் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்துக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அந்த அரைப் பக்கத்தையும் ஒரு கட்டுக்கதையே தின்றுவிட்டது. சிற்பி ஒருவன் உள்ளூர்ப் பெண்ணைக் காதலித்தான், முதலில் அவள் முகத்தை அழகாகச் செதுக்கினான், அவள் மறுக்க மறுக்க முகங்களைக் கோரமாக்கிக்கொண்டே போனான் என்ற கதை. ஊரில் எல்லோரும் சொல்வதுதான், நானும் ரசித்துக் கேட்டேன். ஆனால் அந்தச் செதுக்கு வேலை டல்லாஸில் இருந்த தியோடர் பைல்ஹார்ஸின் பட்டறையில் நடந்து, ரயிலில் வந்து இறங்கியது என்பதே உள்ளூர் வரலாற்றை ஆராய்ந்தவர்களின் முடிவு. தூண்களின் தலைப்பகுதியான போதிகைகளில் கோர முகங்களை வைப்பது, அரைவட்ட வளைவுகளும் கனத்த கற்சுவர்களுமாக அந்தக் காலத்தில் கட்டிய ரோமனெஸ்க் பாணிக் கட்டடங்களில் சகஜம்.

நான் முப்பத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் வேலை பார்த்து, சிரஸ்தாராக (அலுவலகத்தின் தலைமை ஊழியராக) ஓய்வு பெற்றவன். டல்லாஸில் மகள் வீட்டுக்கு வந்தால், இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்தக் கட்டடத்தைப் போய்ப் பார்க்காமல் திரும்புவதில்லை. கட்டுரையாளர் அண்ணாந்து முகங்களைப் பார்த்தாரே தவிர, உள்ளே போனதாகத் தெரியவில்லை.

1897இல் முடிந்த கட்டடம் அது. பருத்தி விளைந்து பணம் புரண்ட காலம். கருங்கல்லும் சிவப்பு மணற்கல்லும் கலந்து கட்டினார்கள். வரைந்தவர் ஜேம்ஸ் ரைலி கார்டன். டெக்சஸில் அவர் வரைந்த கவுண்டி நீதிமன்றங்கள் 18, இன்றும் நிற்பவை 12. அவருடைய கெட்டிக்காரத்தனம் காற்றில் இருக்கிறது. கட்டடம் சிலுவை வடிவம். சிலுவையின் கைகள் சேரும் நான்கு மூலைகளிலும் வாசல். ஒவ்வொன்றுக்கும் நம் திண்ணை மாதிரி நிழலான தாழ்வாரம். நடுவில் படிக்கட்டு சுற்றிச் சுற்றி ஏற, அந்தக் கூடம் மேலே கோபுரம் வரை திறந்தே போகிறது. சூடான காற்று புகைபோக்கியில் ஏறுவதுபோல அதன் வழியே வெளியேற, தாழ்வார நிழலில் குளிர்ந்த காற்று உள்ளே வரும். மின்விசிறி இல்லாத காலத்தில் டெக்சஸ் ஜூலையைச் சமாளிக்க இந்த ஏற்பாடு. மே மாத மதியம் வாய்தா கூப்பிட்டு வியர்த்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்!

'கோர்ட்ஹவுஸ்' என்ற பெயரைப் பார்த்து வழக்குக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. வரி கட்டுவது, நிலப் பத்திரம் பதிவது, கல்யாண லைசென்ஸ் வாங்குவது என்று எல்லாம் அங்கேதான் நடந்தது. கவுண்டியை நிர்வகிக்கும் குழுவுக்கே 'கமிஷனர்ஸ் கோர்ட்' என்று பெயர். அதன் தலைவரான கவுண்டி ஜட்ஜ் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இதை மாப்பிள்ளை சொன்னபோது கேலி செய்கிறார் என்றே நினைத்தேன்.

டெக்சஸில் 254 கவுண்டிகள், அமெரிக்காவிலேயே அதிகம். 1881இல் கடன் பத்திரம் வெளியிட்டு நீதிமன்றம் கட்டலாம் என்று சட்டம் வந்ததும், ஊருக்கு ஊர் போட்டி போட்டுக் கட்டினார்கள். பிற்காலத்தில் அவற்றைக் கெடுத்ததும் அவர்களேதான். ஏசிக்காகப் பொய்க்கூரை போட்டு, கோர்ட் ஹாலில் பார்வையாளர்கள் உட்காரும் மேல்மாடங்களை அடைத்து அறைகளாக்கினார்கள். ஹில் கவுண்டி நீதிமன்றம் 1993 புத்தாண்டு அன்று எரிந்தே போனது. அந்தப் பக்கத்துப் பாடகர் வில்லி நெல்சன் நிதிக்காகக் கச்சேரி செய்தார். கட்டடமும் மறுபடி எழுந்தது. 1998இல் பழைய கட்டடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை டெக்சஸ் நீதிமன்றங்களை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்க்க, அடுத்த வருடமே மாநில அரசு மீட்புத் திட்டம் கொண்டுவந்தது. இதுவரை 70க்கும் மேற்பட்டவை முழுமையாகச் சீராகியுள்ளன. பொய்க்கூரையைப் பிரித்தபோது பழைய கூரையும் மாடமும் பல இடங்களில் அப்படியே இருந்தனவாம்.

அப்புறம் ஒன்று. இதே கார்டன் டிகேட்டர் என்ற ஊரில் வைஸ் கவுண்டிக்கு 1896இல் கட்டியது கிட்டத்தட்ட இதன் இரட்டைப் பிறவி. அங்கே காதல் கதை எதுவும் ஓடவில்லை. கூட்டமும் அவ்வளவாக இல்லை. அடுத்த முறை கட்டுரையாளரை அங்கே அனுப்புங்கள். வார நாளாகப் பார்த்து அனுப்புங்கள், சனிக்கிழமை போனால் பூட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிரஸ்தார் ஒருவர்,
தஞ்சாவூர் (தற்சமயம் டல்லாஸ்)