கர்ப்பிணிக்கு ஈறில் ரத்தம் வந்தால் "பிரசவத்துக்கு அப்புறம்" என்று சொல்லி அனுப்பாதீர்கள்

மகப்பேறு மருத்துவர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் வணக்கம்.

நான் ஈறு நோய் பார்க்கிற பல் மருத்துவர். சில மாதங்களுக்கு முன் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். பல் துலக்கும்போதெல்லாம் ரத்தம், காலையில் எழுந்தால் தலையணையிலும் கறை. மூன்றாம் மாதப் பரிசோதனையிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். "எல்லாருக்கும் வர்றதுதான், குழந்தை பிறந்ததும் பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மாமியாரும், க்ளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும் என்று தடுத்திருக்கிறார். மூன்று மாதம் அப்படியே போய்விட்டது.

கர்ப்பத்தில் ஹார்மோன் கூடுவதால் ஈறு வீங்கி ரத்தம் கசிவது பலருக்கும் வருவதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கசிவுக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

ஃபூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்று ஒரு கிருமி. இரண்டு முனையும் கூராக, நூல் நூற்கும் கதிர் போல இருக்கும். ஆரோக்கியமான வாயிலும் கொஞ்சம் இருக்கும். ஈறு கெட்ட வாயில் பெருகிவிடும். பல்லில் முதலில் வந்து ஒட்டும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, பின்னால் வரும் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற மோசமான கிருமிகளுக்கு மறுபக்கம் இடம் கொடுக்கும். இப்படிப் பிடிப்பதெல்லாம் அதன் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களின் வேலை.

அந்தப் புரதங்களில் ஒன்றின் பெயர் ஃபாட்-ஏ. ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள் ஒன்றோடொன்று விஇ-காடெரின் என்ற புரதத்தால் கோத்துக்கொண்டு நிற்கின்றன. ஃபாட்-ஏ போய்ப் பிடிப்பது அந்த விஇ-காடெரினைத்தான். பிடித்ததும் விஇ-காடெரின் செல்களின் ஓரத்தை விட்டு உள்ளே போய்விடுகிறது, சுவர் தளர்கிறது. அந்த இடைவெளியில் இந்தக் கிருமி மட்டுமல்ல, கூட இருக்கும் வேறு கிருமிகளும் நுழைய முடியும் என்று 2011-இல் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். ஈறில் ரத்தம் வரும் இடத்தில் ரத்தக்குழாய் ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது. அதனால்தான் எனக்குக் கவலை.

2004-இல் யிப்பிங் ஹானின் ஆய்வுக்குழு, சினையாக இருந்த எலிகளின் ரத்தத்தில் இந்தக் கிருமியைச் செலுத்திப் பார்த்தது. அது உடம்பெங்கும் பரவவில்லை. நஞ்சுக்கொடியில் தங்கிப் பெருகியது. குட்டிகள் வயிற்றிலேயே இறந்தன. ஃபாட்-ஏ மரபணுவை நீக்கிய கிருமியால் நஞ்சுக்கொடியில் அந்த அளவுக்குத் தங்க முடியவில்லை என்று பிறகு தெரிந்தது. ஃபாப்-2 என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதம், நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு சர்க்கரை மூலக்கூறைத் தேடிப் போய் ஒட்டுகிறது. பெருங்குடல் புற்றுக்கட்டிகளிலும் அதே சர்க்கரை மிகுதியாக இருக்கிறது, அங்கும் இந்தக் கிருமி போய் ஒட்டுகிறது. அது தனிக்கதை.

எலியில்தானே என்று கேட்கலாம். 2010-இல் அதே குழு ஒரு பெண்ணைப் பற்றி எழுதியது. கர்ப்பத்தில் ஈறில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. நிறைமாதத்தில் சளி, காய்ச்சல். சில நாளில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. குழந்தையின் நுரையீரலிலும் வயிற்றிலும் கிடைத்தது ஃபூசோபாக்டீரியம். தாயின் ஈறுக்கடியில் எடுத்த படிவிலும் அதே ரகம் இருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து, ரத்தம் வருகிற ஈறோடு ஒரு கர்ப்பிணி என் முன் உட்கார்ந்தால் அவரைச் சும்மா அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

சரி, ஈறுக்கு வைத்தியம் செய்தால் குறைப்பிரசவம் நின்றுவிடுமா? அப்படிச் சொல்ல மாட்டேன். 2006-இல் அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்கு 21 வாரத்துக்குள் ஈறு சிகிச்சை, மறுபாதிக்குப் பிரசவத்துக்குப் பின். குறைப்பிரசவம் முதல் குழுவில் 12.0 சதவீதம், இரண்டாவதில் 12.8. வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் ஈறு நன்றாகத் தேறியது, தாய்க்கோ சிசுவுக்கோ கெடுதல் எதுவும் வரவில்லை. அதை மறந்துவிடக் கூடாது. கர்ப்பத்தில் கை வைக்கக் கூடாது என்று தள்ளிப்போடக் காரணமே இல்லை என்று அந்த ஆய்வே காட்டிவிட்டது. கருத்தரித்த பிறகு தொடங்குவது தாமதமோ என்றும் எனக்குத் தோன்றுகிறது. குழந்தைக்குத் திட்டமிட்டு உங்களிடம் வரும் தம்பதியிடம் ஃபோலிக் அமில மாத்திரை எழுதும்போதே ஈறையும் காட்டச் சொல்லுங்கள்.

முதல் பரிசோதனையில் ரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின் எல்லாம் பார்க்கிறீர்கள். கூடவே "பல் துலக்கினால் ரத்தம் வருதாம்மா?" என்று ஒரு கேள்வி. ஆமாம் என்றால் பல் மருத்துவரிடம் எழுதி அனுப்புங்கள். நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை அவருக்கு உட்கார வசதியான காலம். மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி போடலாம். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் வேண்டாம், அதை நாங்களும் எழுத மாட்டோம். க்ளீன் செய்தால் பல் ஆடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள் என்றால், ஆடுவதற்குக் காரணம் பல்லில் படியும் காரையும் ஈறு நோயும்தான், க்ளீன் செய்வதல்ல என்று நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீட்டுக்கே போய்ப் பேசும் செவிலியர் சொன்னால் மாமியார் கேட்பார், நான் சொல்வதைவிட.

மருத்துவர்களிடம் இன்னொன்று. பனிக்குடம் உடையாமலே வலி வந்து, கருப்பைக்குள் தொற்று என்று சந்தேகப்பட்டு அனுப்பும் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) ஒன்றும் வளரவில்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஃபூசோபாக்டீரியம் காற்றுப்பட்டால் வளராத ரகம், சாதாரண கல்ச்சரில் சிக்காது. காற்றில்லாச் சூழலில் வளர்த்துப் பார்க்கும்படி ஆய்வகத்துக்கு எழுதுங்கள். அந்தப் பெண்ணின் வாயையும் அன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.

அன்புடன்,
ஈறு நோய் மருத்துவர் ஒருவர்