ஒத்திப் பணத்தை யாரு திருப்பித் தரணும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம ஊர்ல லீஸ் வீடுன்னா மாச வாடகை கிடையாது, மொத்தமா நாலு லட்சமோ அஞ்சு லட்சமோ ஹவுஸ் ஓனர் கையில குடுத்துட்டு குடியிருந்துட்டு காலி பண்ணும்போது அதே பணத்தை வாங்கிட்டு போகணும், மதுரைப் பக்கம் ஒத்திம்போம், சென்னைல போக்கியம்னும் சொல்றாங்க. நாங்களும் இருந்த நகையை வித்து நாலு லட்சம் கட்டித்தான் போனோம்.

மூணு வருசம் முடிஞ்சு இப்ப ஏழு மாசம் ஆச்சு. எப்ப போன் பண்ணாலும் "அடுத்து ஒத்திக்கு ஆள் வரட்டும்மா, அவங்க குடுத்ததும் தந்துர்றேன்"ங்கிறாரு. அப்ப எங்க பணம்? அது அவரு மக கல்யாணத்தோட போச்சாம். புதுசா வர்றவங்க பணத்தை வச்சு எங்களை அனுப்புவாரு, அவங்களை அனுப்ப இன்னொருத்தர் வரணும், இப்பிடி எத்தனை குடும்பம் வரிசையில நிக்கிறது?

பாத்ரூம் பைப் ஒழுகுதுன்னு சொன்னா "நீங்க என்ன மாச வாடகையா குடுக்குறீங்க? நீங்களே பாத்துக்கங்க"ன்னாரு. நாலு லட்சத்தை மூணு வருசமா வட்டியில்லாம வச்சிருக்காரே, அது வாடகை இல்லையா? 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்துல பைப் மாத்துறது, வயரிங், வெள்ளையடிக்கிறது எல்லாம் ஓனர் பொறுப்புன்னு போட்டிருக்கு, அட்வான்ஸையும் காலி பண்ணி ஒரு மாசத்துல திருப்பித் தரணும். ஒத்திக்கு விடுறவங்களுக்கு மட்டும் எந்தப் பொறுப்பும் இல்லாத மாதிரி நடந்துக்கிறாங்க.

எங்க தப்பும் இருக்கு, புரோக்கர் பேச்சைக் கேட்டு 20 ரூபா பத்திரத்துல எழுதி நோட்டரி கையெழுத்தோட விட்டுட்டோம். வக்கீல்ட்ட போனப்பதான் தெரியுது, 1882-ம் வருசத்து சொத்து மாற்றுச் சட்டப்படி ஒத்திங்கிறது ஒரு அடமானம், 100 ரூபாய்க்கு மேல இருந்தாலே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிஞ்சாத்தான் அடமானமா செல்லுமாம். பதியலாம்னு சொல்ற ஓனரை நான் இதுவரைக்கும் பாக்கல, ஸ்டாம்ப் செலவுக்காக நாமளும் கேக்குறதில்ல.

இன்னொன்னு, வீட்டு மேல பேங்க் லோன் இருக்குறதையே மறைச்சு ஒத்திக்கு விடுறாங்க. பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுக் கதவுல பேங்க்காரங்க நோட்டீஸ் ஒட்டிட்டு போனாங்க, 60 நாள்ல கடனைக் கட்டணும்னு. ஓனர் ஊர்லயே இல்ல, உள்ள குடியிருக்குறவங்க மூணு லட்சம் குடுத்தவங்க, அந்த அக்கா கேட்டைப் புடிச்சிட்டு அழுதது இன்னும் கண்ணுல நிக்குது.

பணத்தை வாங்குறதுக்கு முன்னாடி ஒரிஜினல் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் ஓனரே எடுத்துக் காட்டணும், லோன் இருந்தா வாயைத் திறந்து சொல்லணும், ஒத்தியைப் பதிஞ்சு குடுக்கணும். இதைப் பத்தி உங்க பத்திரிகையில விவரமா ஒரு கட்டுரை போட்டீங்கன்னா புதுசா ஒத்திக்குப் போறவங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும்.

எங்களுக்கு ஜூன்ல பொண்ணை வேற ஸ்கூல்ல சேக்கணும், அதுக்குள்ள வீடு மாறணும்னு பாக்குறோம், இன்னும் பத்து பைசா கைக்கு வரல.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை