அணைத்த கணினியில் எந்த ஸ்லாட்டுக்கு மின்சாரம்? மதர்போர்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதர்போர்டு வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அதற்குக் கையேடு எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கணினியை ஷட் டவுன் செய்தாலும், அதற்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் ஊதா வயரில் 5 வோல்ட் வந்துகொண்டேதான் இருக்கும். அதை 3.3 வோல்ட்டாக்கி, மதர்போர்டில் கார்டு செருகும் இடமான ஸ்லாட்டுக்குக் கொடுத்தால், அங்கே செருகிய நெட்வொர்க் கார்டு விழித்திருந்து, நெட்வொர்க் வழியாகக் கூப்பிட்டதும் இயந்திரத்தை எழுப்பும். இதற்குப் பெயர் வேக் ஆன் லேன். ஸ்லாட்டுகளுக்காக 1998இல் வந்த பிசிஐ 2.2 விதிமுறையிலேயே இந்த மின்சாரத்துக்கென்று ஒரு பின் (தொடுமுனை) ஒதுக்கிவிட்டார்கள். பிசிஐக்குப் பிறகு வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸில் அந்தப் பின்னின் பெயர் பி10.

பழைய போர்டு போய்விட்டதால் உங்களில் ஒருவருடைய புதிய போர்டை வாங்கிப் பொருத்தினேன். கார்டு அதேதான், எஸ்எம்பிஎஸ்ஸும் அதேதான். ஷட் டவுன் செய்ததும் கார்டின் பச்சை விளக்கு அணைந்தது, பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் இயந்திரம் எழவில்லை. போர்டின் அமைப்புகளை மாற்றும் பயாஸில், அணைத்த நிலையில் மின்சாரத்தைக் குறைக்கும் ஈஆர்பி வசதியும் அணைத்துத்தான் இருந்தது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன். கார்டு பழுது, மாற்றிப் பாருங்கள் என்று பதில் வந்தது. மாற்றினேன், புதிய கார்டும் எழுப்பவில்லை.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். ஊதா வயரில் 5 வோல்ட் சரியாக இருந்தது. கார்டு இருந்த கீழ் ஸ்லாட்டின் நடுத்தடுப்புக்கு முன்னால் இருக்கும் சின்னப் பகுதியில், தடுப்பிலிருந்து இரண்டாவது தொடுமுனைதான் பி10. மெல்லிய புரோப்பை அங்கே வைத்தால் பூஜ்யம். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மேல் ஸ்லாட்டில் வைத்தால் 3.3 வோல்ட். ஆக, மின்சாரம் இருக்கிறது, கீழ் ஸ்லாட்டுக்கு மட்டும் தரவில்லை. கையேட்டில் விளக்குகளின் நிறத்தை மாற்றுவதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கிறது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் கேட்பது அந்த ஒரு வரியைத்தான். அணைத்த நிலையில் எந்த ஸ்லாட்டுக்கு ஸ்டேண்ட்பை மின்சாரம் போகும், எதற்குப் போகாது என்று எழுதுங்கள்.

அந்த இயந்திரம் பூட்டிய அறையில் இருக்கிறது. பலருடைய பேக்கப் அதில்தான். ராத்திரி யாருக்காவது ஒரு ஃபைல் அவசரமாகத் தேவைப்பட்டால், சாவி வைத்திருப்பவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, பட்டனை அழுத்த அனுப்ப வேண்டியிருக்கிறது. அவர் முகம் சுளிக்காமல் போகிறார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அதனால் இப்போது அதை அணைப்பதையே விட்டுவிட்டேன். எழுப்பும் கார்டுக்கு விதிமுறை அனுமதிப்பது அதிகபட்சம் 375 மில்லி ஆம்பியர், அதாவது ஒன்றேகால் வாட்டுக்கும் கீழே. அதைக் கொடுக்காததால் ராத்திரி முழுக்கப் பல மடங்கு மின்சாரம் வீணாகிறது.

மின்சிக்கன விதிகளைக் காரணம் சொல்லாதீர்கள். கணினிகளுக்கென்று ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த 617/2013 ஒழுங்குமுறை, அணைத்த நிலைக்கு 1 வாட் வரம்பு வைத்தது. வேக் ஆன் லேன் இயக்கத்தில் இருந்தால் கூடுதலாக 0.7 வாட் தரலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. விதி எழுதியவர்களுக்கு இருந்த கரிசனம், போர்டு செய்கிற உங்களுக்கு ஏன் இல்லை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊதா வயரிலிருந்து தாங்களே கம்பி இழுத்து, சின்ன ரெகுலேட்டர் வைத்துக் கார்டில் சால்டர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பிசகினால் 5 வோல்ட் நேராக 3.3 வோல்ட் சிப்பில் பாயும், கார்டு அதோடு போச்சு. காசு கொடுத்து வாங்கிய பொருளை இப்படி அறுத்து ஒட்டும் நிலைக்கு ஆளைத் தள்ளுவது நியாயமில்லை. எந்தச் சந்தேகம் கேட்டாலும் வேறு பாகத்தை மாற்றச் சொல்லும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். அதனால் நல்ல கார்டுகள் குப்பைக்குப் போகின்றன.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை சின்னது. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் நேராக, அணைத்த நிலையில் பி10இல் மின்சாரம் உண்டா இல்லையா என்று கையேட்டில் போடுங்கள். ஏற்கெனவே விற்ற போர்டுகளுக்கும் திருத்திய கையேட்டை உங்கள் தளத்தில் ஏற்றுங்கள். வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் போர்டுகளை வாங்கிப் பொருத்துகிற ஒருவன்