ஆழ்கடல் தங்கல் படகுக் குழுக்களுக்குச் சாட்டிலைட் போன் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்: பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குச் செல்வோரின் குடும்பத்துப் பெண்கள், தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்கள், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு அலுவலர் அவர்கள்.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

நீரோடி முதல் இரயுமன்துறை வரையிலான எங்கள் ஊர்களைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். முந்தைய மனுக்களுக்கு முடிவான பதில் வராததால் மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. கைப்பேசி கரையில் உள்ள கோபுரத்தை நம்பியது. தேங்காய்பட்டணம் துறைமுகத்தை விட்டுப் படகு சில கடல் மைல் போனதுமே சிக்னல் அற்றுவிடும். எங்கள் படகுகளில் உள்ள வயர்லெஸ் அதைவிடச் சற்றுத் தூரம் எட்டினாலும், கடலின் வளைவைத் தாண்டாது. எங்கள் ஆட்களோ லட்சத்தீவுக்கு அப்பாலும் குஜராத் கடல் வரையிலும் போய் முப்பது, நாற்பது நாள் தங்கித் தொழில் செய்கிறார்கள். அங்கிருந்து வானத்துச் செயற்கைக்கோள் வழியாகப் பேசும் சாட்டிலைட் போனில் மட்டுமே குரல் கரைக்கு வரும்.

2. நேரில் கேட்டபோது, படகில் பொருத்தும் செயற்கைக்கோள் செய்திக் கருவியான டிரான்ஸ்பாண்டர் தந்திருக்கிறோமே என்றார்கள் அதிகாரிகள். அதற்கு நன்றியுடையோம். ஆனால் அது ஆபத்துச் செய்தியையும் குறுஞ்செய்தியையும் அனுப்புவது. அதில் பேச முடியாது. கை அறுந்து கிடப்பவனுக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டுக் கேட்டுச் செய்ய அது உதவாது.

3. எங்களை வதைப்பது அந்த மௌனம்தான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது, பல நாள் முன்பே கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கையைச் சொல்ல வழியில்லை. கரையில் எல்லார் கையிலும் போன் இருந்தது. கடலில் இருந்தவனை மட்டும் எந்தப் போனிலும் எட்ட முடியவில்லை. அதன் பிறகும் என்ன மாறியது? சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு தாய் இறந்தார். மகன் பத்தொன்பது நாள் கழித்துக் கொச்சியில் கரையேறிய பிறகே அதை அறிந்தான். தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் அவன் கல்லறையில் விழுந்து அழுததைப் பார்த்த எங்களுக்கு, மனு பரிசீலனையில் உள்ளது என்ற சொல் எப்படி ஆறுதலாகும் ஐயா? இன்னும் எத்தனை முறை பரிசீலிப்பீர்கள்?

4. சாட்டிலைட் போன் தரத் தயங்குவதற்கான பாதுகாப்புக் காரணத்தை நாங்கள் மறுக்கவில்லை. 2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் மீன்பிடிப் படகைக் கடத்தி வந்ததும், சாட்டிலைட் போன் வைத்திருந்ததும் எங்களுக்கும் தெரியும். ஆகவேதான் அரசு அனுமதியுள்ள பி.எஸ்.என்.எல். சேவையையே கேட்கிறோம். படகுக்கு ஒன்று கேட்கவில்லை. எங்கள் படகுகள் குழுவாகவே தொழில் செய்வதால், ஐந்தாறு படகுகளுக்கு ஒரு போன் இருந்தால் போதும். வந்த செய்தியை மற்றவர்களுக்கு வயர்லெஸில் சொல்லிவிடுவார்கள். போனின் எண்ணையும் அதை வைத்திருக்கும் படகையும் பதிவு செய்துகொள்ளுங்கள், துறைமுகம் திரும்பியதும் சோதியுங்கள். ஆனால் தாருங்கள்.

5. விலையும் பேச்சுக் கட்டணமும் எங்கள் கைக்கு எட்டாதவை. மானியம் வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31இல் முடிகிறது. ஆகஸ்டு முதல் நாள் படகுகள் புறப்பட்டுவிடும். அதற்கு முன் குழுவுக்கு ஒரு போனாவது கிடைக்க ஆவன செய்யுமாறும், இயலாதெனில் அதையேனும் எழுத்தில் தெரிவிக்குமாறும் மீண்டும் மீண்டும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தங்கல் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள்