வளவு வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு மடல்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் பங்காளிகளுக்கு வணக்கம்.

நான் காரைக்குடிக்காரன். எங்கள் ஐயா பர்மாவின் பெகு நகரில் ஒரு செட்டியாரின் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக இருந்து, 1942-இல் நடந்தே ஊர் திரும்பியவர். அந்த உரிமையில் கேட்கிறேன். இந்த வருஷம் முன்னோருக்குப் படைப்புப் போட வீட்டைத் திறக்கும்போது பட்டாசாலைக் கூடத்தைப் பத்து நாள் கூடுதலாகத் திறந்து வையுங்கள். ராணுவ ஆட்சியை எதிர்க்கும் பர்மா இளைஞர்களின் சுவரொட்டிகளையும் கவிதைகளையும் அங்கே மாட்ட வேண்டும்.

பியோ ஸேயா தோ என்ற பர்மிய ராப் பாடகர் 2007-இல் நண்பர்களோடு சேர்ந்து 'ஜெனரேஷன் வேவ்' குழுவைத் தொடங்கினார். எரிவாயுவில் ஓடும் வண்டிகளில் ஒட்டும் 'சி.என்.ஜி.' ஸ்டிக்கர் போலவே அச்சடித்து, அந்த மூன்று எழுத்துக்கும் 'சேஞ்ச் நியூ கவர்ன்மென்ட்', அதாவது 'அரசை மாற்று' என்று பொருள் வைத்தது அந்தக் குழு. அடுத்த வருஷமே அவருக்குச் சிறை. வெளியே வந்து 2012-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2022 ஜூலையில் ராணுவ அரசு அவருக்கு மரண தண்டனை கொடுத்துக் கொன்றது.

2021 பிப்ரவரி 1-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வீடு சட்டிபானையைத் தட்டினார்கள். அது பேயை விரட்ட பர்மாக்காரர்கள் வழிவழியாகச் செய்வது. கெத் தி என்ற கவிஞர் இன்ஜினியர் வேலையை விட்டு, ஐஸ்கிரீமும் கேக்கும் விற்று எழுதியவர். அந்த மே மாதம் ராணுவத்தார் அவரை விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். மறுநாள் மனைவிக்குக் கிடைத்தது உடல்தான். இதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை.

'நமக்கெதற்கு அந்த ஊர் அரசியல்?' என்று சிலர் கேட்பீர்கள். உங்கள் முகப்புத் தூண் பர்மாத் தேக்கு. 1930-களில் நெல் விலை விழுந்து, செட்டியார்களிடம் வாங்கிய கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியபோது, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் வசம் வந்தது. அப்புறம் எல்லாம் போயிற்று, நாமும் இழந்தோம், சரி. ஆனாலும் நிலத்தை இழந்த அந்த விவசாயிகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ராணுவத்தை எதிர்த்து நிற்கிறார்கள்.

பணம் வேண்டாம், மேடைப் பேச்சும் வேண்டாம். படங்களை நாங்கள் அச்சடிக்கிறோம். கவிதைகளுக்குப் பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பையும் வைக்கிறோம். ஊரில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களின் பெரியவர்கள் சிலர் இன்னும் அந்த மொழியைப் பேசுவார்கள், அவர்களை அழைத்து வந்து வாசிக்கச் சொல்வோம். சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். கூட்டித் துடைத்துக் கோலம் போட முதல் நாளே நாங்கள் வந்துவிடுகிறோம்.