மிஞ்சி நிற்கும் கரடுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மலைகள் எப்படி உண்டாகின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை என் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்துபோய் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு முட்டியதையும், இடையில் கிடந்த கடலடிப் படிவங்கள் மடிந்து எழுந்து இமயமலை ஆனதையும் அழகாகச் சொல்லியிருந்தீர்கள். எவரெஸ்ட் உச்சிக் கல்லில் கடல் உயிரிகளின் மிச்சம் இருக்கிறது என்ற வரியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே திருச்செங்கோட்டு மலையைக் காட்டி, "அப்புச்சி, நம்ம மலையும் முட்டித்தான் வளந்துச்சுங்களா? இன்னும் வளருதுங்களா?" என்று கேட்டாள்.

கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை. கொங்கு நாட்டில் விற்கிற பத்திரிகையில் கொங்கு மலை ஒன்றுகூட இல்லை என்பதுதான் என் குறை.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. முப்பது வருடம் துளை போடும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டவன். ஒரு ஊர்க் கல்லின் குணம் எனக்குக் குழியிலிருந்து காற்று ஊதித் தள்ளுகிற தூளில் தெரியும். மகாராஷ்டிரத்தில் கறுப்புத் தூள் வரும், திடீரென்று செங்காவியாக மாறும், மறுபடி கறுப்பு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு தவணை தவணையாக வழிந்து உறைந்த நிலம் அது. ஒரு அடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெயிலும் மழையும் பட்டு மண்ணான பகுதிதான் அந்தச் சிவப்பு. இமயமலை அடிவாரத்தில் நிலைமையே வேறு. உருண்டைக் கல்லும் மணலுமாகச் சரிந்துகொண்டே இருக்கும், பைப் இறக்கி மாளாது. இளம் மலை அல்லவா, ஒரு பக்கம் உயர உயர ஆறுகள் இன்னொரு பக்கம் அறுத்துக் கொண்டுவந்து கொட்டுகின்றன.

நம் ஊரில் குழி சரியாமல் தாங்கும் கேசிங் பைப் கொஞ்சம் இறக்கினால் போதும், பாறை தட்டிவிடும். அதற்குக் கீழே ஆயிரம் அடி போனாலும் பாறைதான். தண்ணீர் விரிசலில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வெறும் புகை.

ஏன் இப்படி என்று புவியியல் படித்த எங்கள் மாப்பிள்ளை ஒருநாள் விளக்கினார். நீலகிரியின் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்கல் இந்த வகைக் கல். அதனால் வந்த பெயர்.) வயது சுமார் 250 கோடி ஆண்டு. இமயமலைக்கான முட்டலைப்போல ஐம்பது மடங்கு! அது இன்றைய உருவத்துக்கு வெந்து இறுகியது தரைக்குக் கீழே 20 கிலோமீட்டருக்கும் ஆழத்தில். இன்று அதன்மேல் தேயிலை விளைகிறது. அப்படியானால் அதன் தலைமேல் இருந்த அத்தனை கல்லும் எங்கே போயிற்று? கரைந்து மண்ணாகிக் கடலுக்குப் போயிற்று. மேல் சுமை குறையக் குறைய அடிநிலம் மெல்ல நிமிர்ந்து கொடுத்தது. லோடு இறக்கினால் லாரிப் பட்டை நிமிருமே, அந்தக் கதைதான். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்தபோது மேற்கு ஓரம் தூக்கிக்கொண்டது என்பதும், அப்புறம் மழை அரித்து அந்த ஓரத்தைச் சுவர்போல் நிற்க வைத்தது என்பதும் இதோடு சேரும்.

சமவெளியில் தனித்தனியாக நிற்கும் கரடுகளுக்கு, அதாவது சின்னப் பாறைக்குன்றுகளுக்கு, இந்தத் தேய்மானம்தான் முக்கியம். சிவன்மலையின் சயனைட் (syenite என்ற பாறை வகை, சயனைடு விஷம் அல்ல), எங்கள் பக்கத்துக் கிரானைட் எல்லாம் பாறைக்குழம்பு நிலத்துக்கடியிலேயே ஆறி உறைந்த கல். சுற்றி இருந்த மெத்தென்ற கல் தேய்ந்து இறங்கியது, விரிசல் குறைந்த கல் நின்றுகொண்டது. மேல்பாரம் போன பாறை வெங்காயத் தோல்போல் பலகை பலகையாக விட்டுக்கொடுக்கும். பாறைமேல் தீ மூட்டிப் பலகைக்கல் எடுத்த பழைய ஒட்டர்களுக்கு இது தெரியாததா!

எங்கள் தலபுராணம் வேறு சொல்லும். வாயுவும் ஆதிசேஷனும் பலம் பார்த்ததில் மேருவின் துண்டு வந்து விழுந்ததாம். சென்னிமலைக்காரர்களும் இதே கதையைத் தங்கள் மலைக்குச் சொல்வார்கள், யார் சொல்வது சரி என்று நான் வாதாட வரவில்லை. பெரிய மலையொன்றின் மிச்சம் என்கிற மட்டில் புராணம் தப்பில்லை.

பேத்தியிடம், "நம்முளுது வளரலை கண்ணு, மிஞ்சி நிக்குது" என்றேன். "அப்ப நம்ம ஊருக்குத் தெக்கால இருந்த கரடு?" என்றாள். அதை ஒரு கிரஷர் பத்தே வருடத்தில் ஜல்லியாக்கிவிட்டது. இப்போது அங்கே குழியும் மழைத்தண்ணீரும்தான். நான் போட்ட போர்களுக்கு மேடை கட்டிய ஜல்லியில் பாதி அங்கிருந்து வந்ததுதான் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி வருமென்றால் சங்ககிரி, திருச்செங்கோடு, சிவன்மலைப் பக்கம் படம் எடுக்க ஆள் அனுப்புங்கள். காலையில் ஏழு மணிக்குள் வரச் சொல்லுங்கள், அப்புறம் பாறையில் கால் வைக்க முடியாது.

இப்படிக்கு,
பழைய ரிக் வண்டிக்காரர் ஒருவர்,
திருச்செங்கோடு.